மூன்று ஆண்டுகளில் நான்கு பெயர்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் தங்கைக்கு வயது 26. மூன்று ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலோடு மூட்டுவலி வந்திருக்கிறது. முதலில் பார்த்தவர் சிக்குன்குனியா விட்டுப்போன வலி என்றார். எட்டு மாதம் கழித்தும் வலி போகாததால் இரண்டாமவரிடம் போனார்கள். ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று பார்த்து அவர் முடக்குவாதம் என்றார், நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தொடங்கினார். மறு ஆண்டு வாய்ப்புண்ணும் முகத்தில் படையும் வந்தன. நம் செல்களின் உட்கருவையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. பரிசோதனையும் பாசிட்டிவ். மூன்றாமவர் லூபஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டு, தோல், சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் நோய் என்று சொல்லி ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையும் ஸ்டீராய்டும் கொடுத்தார். இப்போது பார்க்கும் வாதநோய் நிபுணர், "லூபஸ் என்று இன்றைக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, வகைப்படாத இணைப்புத்திசு நோய் என்று வைத்துக்கொள்வோம்" என்கிறார். இந்தக் குடும்பத்து நோய்தான், ஆனால் எது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு அடையாளங்கள் சேரவில்லை என்று அதற்குப் பொருள். "நாலு பேரில் யார் சொன்னது உண்மை? மற்றவர்கள் எங்களை ஏமாற்றினார்களா? பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன நோய் என்று சொல்வது?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. 22 ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். அதில் பாதிக் காலம், உங்கள் தங்கைக்கு எடுத்த அதே ஏ.என்.ஏ. பரிசோதனையின் ஸ்லைடுகளைப் படித்துச் சொல்வதுதான் என் வேலை. எனக்கும் லூபஸ் இருக்கிறது. அந்தப் பெயர் வந்து சேர ஏழு ஆண்டுகள் ஆயின. ஆகவே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். உங்களை யாரும் ஏமாற்றவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் அவசரப்பட்டிருக்கிறார். ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். மற்ற இருவரும், தாங்கள் பார்த்த நாளில் கண்முன் இருந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். கண்முன் இருந்ததுதான் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

உடலின் காவல் படையே உடலைத் தாக்கும் இந்த வகை நோய்கள், அம்மை போல ஒரு வாரத்தில் முழு உருவத்தையும் காட்டிவிடுவதில்லை. தவணை தவணையாக வரும். ஓர் ஆண்டு விரல் மூட்டு, அடுத்த ஆண்டு வாய்ப்புண், அதற்கடுத்த ஆண்டு முடி கொட்டுதல், நடுவில் ஆறு மாதம் ஒன்றுமே இல்லாத அமைதி. அமெரிக்காவில் 2003இல் வெளியான ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ராணுவத்தில் இருப்பவர்களிடம் அவ்வப்போது ரத்தம் எடுத்து உறைநிலையில் சேமித்து வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. பிற்பாடு லூபஸ் என்று கண்டறியப்பட்ட 130 பேரின் பழைய ரத்தத்தைத் தேடி எடுத்துச் சோதித்தார்கள். அவர்களில் 115 பேருக்கு, நோய்க்குப் பெயர் வைக்கப்படுவதற்கு முன்பே எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தன. சிலருக்கு ஒன்பது ஆண்டுகளுக்கும் முன்பே. அந்த இடைக்காலத்தில் அவர்கள் டாக்டரிடம் போயிருந்தால் என்ன பெயர் கிடைத்திருக்கும்? உங்கள் தங்கைக்குக் கிடைத்தது போல ஏதோ ஒன்றுதான்.

இரண்டாவது காரணம் பரிசோதனைகளிலேயே இருக்கிறது. 'பாசிட்டிவ்' என்று தாளில் அச்சாகி வரும் சொல் எப்படிப் பிறக்கிறது என்பதை நீங்கள் அருகிலிருந்து பார்த்தால் அதன்மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றமாட்டீர்கள். ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் சீரத்தை எடுத்து, 40இல் ஒரு பங்கு, 80இல் ஒரு பங்கு, 160இல் ஒரு பங்கு என்று நீர்க்கச் செய்வோம். மனிதச் செல்களை ஒட்டவைத்த கண்ணாடி ஸ்லைடில் வட்ட வட்டமாக இடம் விட்டிருக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டு. அரைமணி நேரம் காத்திருந்து கழுவ வேண்டும். பிறகு ஒளிரும் சாயம் ஏற்றிய மருந்தை விட்டு மறுபடி அரைமணி நேரம், மறுபடி கழுவல். அதன்பின் விளக்கை அணைத்துவிட்டு நுண்ணோக்கியின் முன் உட்காருவோம். செல்லின் நடுவிலிருக்கும் உட்கரு பச்சை ஆப்பிள் நிறத்தில் சுடர்விட்டால் பாசிட்டிவ். 80 என்ற வட்டத்தில் பளிச்சென்று தெரிவது 160இல் மங்கும். 320இல் இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். என்னோடு வேலை பார்த்த மூத்த அக்கா "இருக்கிறது, எழுது" என்பார். எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒழுங்காகப் படித்தவர்கள்தான், ஒரே ஸ்லைடுதான். இப்படி ஒரு படி முன்னே பின்னே வருவது எல்லா ஆய்வகத்திலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வேறுபாடு. அதனால்தான் ஓர் இடத்தில் 1:160 என்று வந்தது இன்னோர் இடத்தில் 1:80 ஆகும்போது நோய் பாதியாகக் குறைந்துவிட்டது என்று யாராவது மகிழ்ந்தால் எனக்கு மனம் கஷ்டப்படும்.

இன்னொன்று. எந்த நோயும் இல்லாத மனிதர்களுக்கும் ஏ.என்.ஏ. பாசிட்டிவாக வரும். 1997இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து நலமாக உள்ளவர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது, 1:40 அளவில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினருக்கும், 1:80 அளவில் 13 விழுக்காட்டினருக்கும், 1:160 அளவில் 5 விழுக்காட்டினருக்கும் பாசிட்டிவ் வந்தது. அதாவது தெருவில் போகிற எட்டுப் பேரைப் பிடித்து ரத்தம் எடுத்தால் ஒருவருக்கு 1:80 வந்துவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வரலாம். தொழுநோயிலும் வரலாம். எந்த அறிகுறியும் இல்லாதவர் 'முழு உடல் பரிசோதனை'யில் இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, தாளைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுத் திரிவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மறுபக்கமும் உண்மைதான்: ஏ.என்.ஏ. சுத்தமாக நெகட்டிவாக இருந்தால் லூபஸாக இருக்கும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. அந்தப் பரிசோதனையின் உண்மையான பலம் 'இல்லை' என்று சொல்வதில்தான் இருக்கிறது.

ஆர்.ஏ. ஃபாக்டரும் இதே கதைதான். முடக்குவாதம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அது வராது. முடக்குவாதம் இல்லாத லூபஸ்காரர்கள் பலருக்கு வரும். காசநோய், தொழுநோய், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி, இதய வால்வில் கிருமி, வெறும் முதுமை, இவற்றிலெல்லாம் வரும். சிக்குன்குனியாவுக்குப் பிறகும் சில காலம் வரலாம். ஆகவே இரண்டாமவர் அந்த ஒற்றைத் தாளை வைத்து முடக்குவாதம் என்று எழுதியது அவசரம் என்பது என் கருத்து. ஆன்டி சி.சி.பி. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இதைவிடக் குறிப்பானது. எலும்பு அரிப்பு இருக்கிறதா என்று கைவிரல்களின் எக்ஸ்ரேயைப் பார்த்திருக்கலாம். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். லூபஸிலும் விரல்கள் கோணிப்போவது உண்டு. பார்வைக்கு அசல் முடக்குவாதம் போலவே இருக்கும். மேசைமேல் கையை அழுத்திவைத்தால் நேராகிவிடும், எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியாது. இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கும் சிலரை டாக்டர்கள் தங்களுக்குள் 'ரூபஸ்' என்று சொல்லிக்கொள்வார்கள். எல்லை அவ்வளவு குழம்பிக் கிடக்கும் இடம் அது.

உண்மையான பிழை எப்படி இருக்கும் என்பதற்கு என் கதையைச் சொல்கிறேன். எனக்கு 15 வயதில் முட்டியும் மணிக்கட்டும் வீங்கின. எங்கள் ஊர் டாக்டர் ஏ.எஸ்.ஓ. என்ற பரிசோதனை எடுக்கச் சொன்னார். அளவு கூடுதலாக இருந்தது. "வாதக் காய்ச்சல், இதயத்துக்குப் போய்விடும், 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும்" என்றார். நான்கு ஆண்டுகள் போட்டார்கள். பாட்டிலில் வெள்ளைப் பொடியாக இருக்கும். நர்ஸ் தண்ணீர் விட்டுக் குலுக்கும் சத்தம் கேட்டாலே எனக்கு இடுப்பு இறுகிவிடும். கெட்டியான மருந்து என்பதால் ஊசி நடுவில் அடைத்துக்கொள்ளும். மறுபடி எடுத்து மறுபடி குத்துவார்கள். அம்மா நாள்காட்டியில் 21ஆவது நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைப்பார். பரீட்சை நாளிலும் தவறியதில்லை.

ஏ.எஸ்.ஓ. சொல்வது ஒன்றே ஒன்றுதான்: சமீபத்தில் ஒரு குறிப்பிட்ட கிருமியால் இவருக்குத் தொண்டைப் புண்ணோ தோல் புண்ணோ வந்து போயிருக்கலாம். நம் ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அது கூடுதலாகத்தான் இருக்கும். வாதக் காய்ச்சலின் மூட்டுவலி ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஆஸ்பிரின் கொடுத்தால் ஓரிரு நாளில் அடங்கும். பெரும்பாலும் சில வாரங்களுக்குள் போய்விடும். மூன்று மாதம் அதே மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் வலி வாதக் காய்ச்சலாக இருக்க வாய்ப்பே குறைவு. அதை யாரும் யோசிக்கவில்லை. நான்கு ஆண்டில் ஒருமுறைகூட என் சிறுநீரைச் சோதிக்கவில்லை. உண்மையான வாதக் காய்ச்சல் உள்ள பிள்ளைக்கு அந்த ஊசி உயிர் காக்கும் மருந்து, அதில் சந்தேகம் வேண்டாம். எனக்கு அது நான்கு ஆண்டுக் காலத் திசைதிருப்பல். என் கோபம் அந்த டாக்டர் தவறாக யூகித்தார் என்பதில் இல்லை. வலி போகாதபோதும் யூகத்தை அவர் மறுபடி திறந்து பார்க்கவில்லை என்பதில்தான்.

இந்த அளவுகோலை வைத்து உங்கள் தங்கையின் ஃபைலைப் பாருங்கள். முதலாமவர் சிக்குன்குனியா என்றது நியாயமான யூகம். 2006இல் அந்தக் காய்ச்சல் ஊரையே முடக்கிப் போட்டதை நாம் பார்த்தோமே, மாடிப்படியில் உட்கார்ந்தபடியே இறங்கியவர்கள் எத்தனை பேர். அந்த வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்மை. ஆனால் "மூன்று மாதத்தில் போகவில்லை என்றால் இது வேறாக இருக்கலாம், திரும்பி வாருங்கள்" என்ற வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டும். நான் மேலே சொன்ன விடுபட்ட வாக்கியம் அதுதான்.

அடுத்து, மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் இடையே என்ன தகராறு என்று பார்ப்போம். இது உங்களுக்குப் பயன்படும். லூபஸுக்கு 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் இரண்டும் சேர்ந்து ஒரு புள்ளிக் கணக்கு கொண்டுவந்தன. ஏ.என்.ஏ. 1:80 அல்லது அதற்கு மேல் ஒருமுறையாவது இருந்தால்தான் கணக்கே தொடங்கும். பத்துப் புள்ளி வந்தால் லூபஸ் வகையில் சேர்ப்பார்கள். மூட்டு வீக்கத்துக்கு 6. வாய்ப்புண்ணுக்கு 2. முகத்தில் பட்டாம்பூச்சி வடிவில் வரும் லூபஸ் படைக்கு 6. ஆனால் தோல், வாய் சார்ந்தவை எல்லாம் ஒரே கூடை. அதில் உயர்ந்த ஒன்றை மட்டும்தான் சேர்க்கலாம். கூட்டிப் பாருங்கள். முகத்தில் வந்தது லூபஸ் படைதான் என்றால் 6, மூட்டுக்கு 6, மொத்தம் 12. லூபஸ். அந்தப் படை வேறு ஏதோ என்றால் வாய்ப்புண்ணுக்கு 2, மூட்டுக்கு 6, மொத்தம் 8. வகைப்படாதது. இரண்டு டாக்டர்களும் முரண்படுவது உங்கள் தங்கையின் கன்னத்தில் சில வாரம் இருந்து மறைந்த ஒரு நிறமாற்றத்தைப் பற்றித்தான். மூன்றாமவர் அதைக் கண்ணால் பார்த்தார். நான்காமவர் பார்க்கவில்லை. அவர் பார்க்கும்போது மாத்திரை வேலை செய்து முகம் தெளிந்துவிட்டது. மருந்தே சாட்சியை அழித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு ஆராய்ச்சிக்கு ஆட்களைச் சேர்க்க உருவானது, ஒரு நோயாளிக்கு மருந்து தரலாமா என்று தீர்ப்பளிக்க அல்ல. எட்டுப் புள்ளி வாங்கியவரின் நோய் எட்டுப் புள்ளிக்குத்தான் வலிக்கும் என்பதில்லை. நல்ல வாதநோய் நிபுணர்கள் பத்து வரட்டும் என்று காத்திருக்க மாட்டார்கள். உங்கள் நான்காமவர் பெயரை ஒத்திவைத்தார், ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு செயலிலேயே அவர்மீது எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

கன்னத்துப் படை விஷயத்தில் நம் நிறத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. பாடப்புத்தகப் படங்களில் வெள்ளைக்காரப் பெண்ணின் கன்னத்தில் செக்கச்செவேல் என்று இருக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தச் சிவப்பு தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, வெறும் கருமையாகவோ, சற்றுத் தடித்துத் தெரியும். பார்த்தவுடன் வீட்டில் எல்லோரும் சொல்லும் பெயர் 'மங்கு'. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கஸ்தூரி மஞ்சளும் பூசினேன், மங்குக்கு விற்கும் கிரீமும் பூசினேன். வெயிலில் போய்வந்த அன்று எரியும். ஒரு குறிப்பு மட்டும் சொல்கிறேன்: மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பில் லூபஸ் படை பொதுவாக ஏறாது, அந்தக் கோடு மட்டும் தெளிவாக இருக்கும். இது தோல் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. வீட்டுக் கண்ணாடியில் முடிவு செய்ய வேண்டாம்.

நம் ஊரில் இன்னும் இரண்டு நோய்கள் இந்தக் குழப்பத்தில் எப்போதும் நுழைந்துகொண்டே இருக்கும். இளம்பெண், விட்டுவிட்டுக் காய்ச்சல், நுரையீரலைச் சுற்றி நீர் என்றால் இங்கே எந்த டாக்டரும் முதலில் காசநோயைத்தான் நினைப்பார். நினைக்கவும் வேண்டும். லூபஸிலும் அதே நீர் கோக்கும். அந்த நீரில் காசநோய்க்காகப் பார்க்கும் ஏ.டி.ஏ. அளவு சில நேரம் லூபஸிலும் உயர்ந்து ஏமாற்றும். ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டு முடித்தபின் லூபஸ் என்று தெரியவந்தவர்கள் உண்டு. நேர்மாறாக, லூபஸ் என்று ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு வரும் காய்ச்சல் லூபஸின் சீற்றமா, ஸ்டீராய்டின் மறைவில் வளர்ந்த காசநோயா என்பது அனுபவமுள்ள நிபுணரையும் திணறடிக்கும் கேள்வி. ஒன்றுக்கு ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும், மற்றதற்குக் கூட்டினால் ஆபத்து. தொழுநோயின் எதிர்வினைக் கட்டமும் காய்ச்சல், மூட்டு வீக்கம், தோலில் கட்டிகள் என்று லூபஸ் வேடத்தில் வரும். உணர்ச்சியற்ற தேமல் எங்காவது இருக்கிறதா என்று தோல் முழுவதையும் பார்க்காமல் இங்கே யாருக்கும் லூபஸ் என்று எழுதக் கூடாது என்று எங்கள் மருத்துவமனையின் பெரிய டாக்டர் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

பெண்களை மிகவும் புண்படுத்திய ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் வி.டி.ஆர்.எல். பரிசோதனை, உடலுறவால் பரவும் மேகநோய்க்கானது. லூபஸில் உருவாகும் ஒரு வகை எதிர்ப்பொருள் அதைப் பொய்யாகப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். அடுத்தகட்டப் பரிசோதனை எடுத்தால் பொய் என்பது தெரிந்துவிடும். அதற்குள் கணவன் வீட்டில் பேச்சு எழுந்துவிடும். எங்கள் ஆய்வகத்துக்கு வந்து, தாளை முந்தானையில் மறைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணை நான் மறக்கவில்லை. அவளுக்கு மூன்று கரு கலைந்திருந்தது. அந்த மூன்று கலைதலுக்கும் இந்தப் பொய்ப் பாசிட்டிவுக்கும் காரணம் ஒன்றேதான் என்று பிற்பாடு தெரிந்தது. ரத்தத்தை உறையவைக்கும் அந்த எதிர்ப்பொருள் நோயை லண்டனில் கிரகாம் ஹியூஸ் 1983இல் விவரித்தார். 12 வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை சோதித்தால்தான் உறுதி. சிகிச்சை உண்டு. உங்கள் தங்கைக்கு அந்தப் பரிசோதனை இதுவரை எடுக்கவில்லை என்றால் கேளுங்கள். கல்யாணப் பேச்சு நடக்கும் வயது என்பதால் சொல்கிறேன்.

பெயர் தெரியாமல் எப்படி இருப்பது என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. இந்த நோய்களில் உயிரைக் காப்பது பெயர் இல்லை, கண்காணிப்பு. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது வலிக்காது. காய்ச்சல் இருக்காது. மூட்டுவலிகூடக் குறைந்திருக்கலாம். சிறுநீர் நுரைப்பதும், கணுக்கால் மாலையில் வீங்குவதும், பிரஷர் ஏறுவதும்தான் வெளியே தெரியும், அதுவும் தாமதமாகத்தான். ஆயிரக்கணக்கில் செலவாகும் எதிர்ப்பொருள் பட்டியலை மறுபடி மறுபடி எடுக்கும் குடும்பங்கள், சில நூறு ரூபாயில் முடியும் சிறுநீர்ப் புரதப் பரிசோதனையை மறந்துவிடுகிறார்கள். அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுங்கள், பெயர் எதுவாக இருந்தாலும் சரி. புரதம் தெரிந்தால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொன்னால் பயந்து தள்ளிப்போட வேண்டாம். எத்தனையோ ஆண்டுக் குழப்பத்தை அந்த ஒரு துணுக்கு தீர்த்துவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

'வகைப்படாத' என்ற சொல் உங்களுக்குக் கைவிரிப்பு போலக் கேட்கலாம். அது ஒரு முறையான நோய்ப்பெயர்தான். அந்தப் பெயரோடு இருப்பவர்களில் சிலருக்கு அடுத்த சில ஆண்டுகளில் லூபஸோ வேறொன்றோ முழுமையாக வெளிப்படும். பலருக்கு ஆண்டுக்கணக்கில் அப்படியே மிதமாக நிற்கும். சிலருக்கு மறைந்தும் போகும். இன்றைக்கு உங்கள் தங்கை எந்தப் பக்கம் என்று யாராவது அடித்துச் சொன்னால், சொல்பவரைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

மருந்து பற்றி மூன்று செய்திகள். மெத்தோட்ரெக்சேட் இன்னும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அது வாரத்துக்கு ஒருநாள் மருந்து. தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள், கிழமையை அட்டையிலேயே எழுதிவையுங்கள். கருத்தரிக்க நினைத்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி அதை நிறுத்தியாக வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும், கர்ப்பத்திலும் தொடரலாம். விழித்திரையைத் தொடக்கத்தில் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும், ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு அது மருந்து என்று பேச்சு கிளம்பி, கடைகளில் கிடைக்காமல் நான் 11 நாள் ஒன்றுவிட்டு ஒருநாள் சாப்பிட்டேன். அதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது ஸ்டீராய்டு. சாப்பிட்ட மறுநாளே தங்கை எழுந்து நடந்தாள், ஆகவே லூபஸ்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டீராய்டு எல்லாவற்றையும் தணிக்கும். ஒவ்வாமை, முடக்குவாதம், நிணநீர்ப் புற்றுநோய்கூட அதற்குச் சில வாரம் அடங்கும். அது தந்த நிம்மதி எந்த நோய்க்கும் சாட்சியாகாது. அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடி எதையாவது நடுவில் சாப்பிட்டிருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு.

பெண் பார்க்க வருகிறவர்கள். இதை எழுதத்தான் எனக்கு நேரம் பிடித்தது. மறைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மறைத்து நடந்த கல்யாணத்தில் மாத்திரையைக் குளியலறையில் ஒளித்துவைத்து, பிறகு பயத்தில் நிறுத்தியே விட்டு, சிறுநீரகம் கெட்டு வந்த பெண்களை எனக்குத் தெரியும். நாலு பெயரையும் ஒப்பிக்க வேண்டியதில்லை. "மூட்டையும் தோலையும் பாதிக்கும் ஒரு நோய் எதிர்ப்புக் கோளாறு இருக்கிறது, தொற்றாது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும், குழந்தை பெறுவதைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டும்" என்றால் அது முழு உண்மை. மாப்பிள்ளைக்குச் சந்தேகம் இருந்தால் அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். எனக்கு 29 வயதில் கல்யாணம் ஆனது. அதற்கு முன் இரண்டு வீட்டார் எழுந்து போனார்கள். அன்றைக்கு அப்பா வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாவதாக வந்தவர் "வெயில் ஆகாதென்றால் காலை முகூர்த்தம் வேண்டாமே" என்று மட்டும் கேட்டார். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த சமயம் பார்த்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மகனைப் பெற்றேன்.

டாக்டரை மாற்றலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். இன்னொரு கருத்து வேண்டும் என்றால் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும், புதுச்சேரி ஜிப்மரிலும், வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்றே துறைகள் இருக்கின்றன. ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு, தொடர்ந்து பார்ப்பதை ஒருவரிடமே வைத்துக்கொள்ளுங்கள். தவணையாக வரும் நோயைத் தொடர்ந்து பார்க்கிற ஒரே கண்ணால்தான் கோத்துப் பார்க்க முடியும். ஆண்டுக்கு ஒருவரை மாற்றினால் ஒவ்வொருவரும் ஒரு தவணையை மட்டும்தான் பார்ப்பார்கள்.

அடுத்த முறை போகும்போது மூன்று ஆண்டுக் கதையை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதம் என்ன வந்தது, எவ்வளவு நாள் இருந்தது, என்ன மருந்துக்குப் போனது. அன்று காலையில் போகும் முதல் சிறுநீரைப் பிடித்துக் கொண்டு போங்கள். லூபஸுக்குக் குறிப்பான இரட்டை இழை டி.என்.ஏ. எதிர்ப்பொருளும், நோய் சீறும்போது ரத்தத்தில் குறையக்கூடிய சி3, சி4 என்ற புரதங்களின் அளவும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் படை வந்த மாதம் எது என்று தங்கையிடம் கேட்டு, அந்த மாதத்துப் படங்களைக் கைபேசியில் தேடுங்கள். யாருடைய வளைகாப்பிலோ, கோயில் வாசலிலோ எல்லோரோடும் சேர்ந்து எடுத்ததாக இருந்தாலும் போதும். பகல் வெளிச்சத்தில் எடுத்ததாக, அவள் முகம் நேராகத் தெரிவதாக இருக்கட்டும். டாக்டர் அதைப் பெரிதாக்கி, மூக்கோர மடிப்பு வரை பார்த்துக்கொள்வார்.